குக்ரியில் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

காத்மாண்டுவின் தமேல் கடைத்தெருவில் குக்ரி வாங்க நின்றால் கத்தியோடு ஒரு கதையும் கைக்கு வரும். கூர்க்கா வீரம், போர்க்களம், இரத்த சபதம் என்று கடைக்காரர் சொல்லச் சொல்ல, வாங்க வந்தவர் இரும்பைப் பார்க்க மறந்துவிடுகிறார். விலை கொடுக்க வேண்டியது கொல்லரின் கைக்கு. அந்தக் கையை மறைத்து நிற்கும் நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

“உறையிலிருந்து உருவினால் இரத்தம் பார்க்காமல் உள்ளே வைக்கக் கூடாது.”

நேபாள மலைக் கிராமத்தில் குக்ரி ஒரு வீட்டுச் சாமான். விறகு பிளக்க, புதர் வெட்ட, மூங்கில் சீவ, இறைச்சி நறுக்க என்று ஒரு நாளில் பலமுறை உறையிலிருந்து வெளியே வரும். ஒவ்வொரு முறையும் இரத்தம் கேட்டால் எந்தக் குடும்பமும் தாங்காது. 1814 முதல் 1816 வரை நடந்த ஆங்கிலேய - நேபாளப் போரில் குக்ரியின் வெட்டை நேரில் கண்ட ஆங்கிலேயர்கள் வியந்தது உண்மை. 1815-லேயே கூர்க்காக்களைத் தங்கள் படையில் சேர்க்கத் தொடங்கியதும் உண்மை. அதன்பின் பெருகிய போர்க்கதைகளில் இந்தச் சபதமும் ஒட்டிக்கொண்டது. நம் ஆயுத பூஜை வரும் அதே நவராத்திரி நாட்களில், தசைன் திருவிழாவில், நேபாளிகள் குக்ரியையும் மற்றக் கருவிகளையும் வைத்து வழிபடுகிறார்கள். பலியும் உண்டு. ஆனால் அது திருவிழாவின் சடங்கு. அன்றாட விதி ஆகாது.

வாங்குகிறவருக்கு இதனால் என்ன? ஆயுதம் என்று நினைத்துத் தேடுகிறவர் நீளத்தையும் மிரட்டும் தோற்றத்தையும் பார்ப்பார். கருவி என்று நினைப்பவர் எடை கைக்கு ஒத்துவருகிறதா என்று பார்ப்பார். முதல் குக்ரிக்கு 8 முதல் 10 அங்குல அலகு போதும். கனமான வெட்டு வேலை என்றால் வயிறு அகன்ற போஜ்புரே, இலேசாக வீச வேண்டும் என்றால் ஒல்லியான சிருபாத்தே.

“அடியில் உள்ள வெட்டு, இரத்தம் பிடிக்குள் வழியாமல் இருக்க.”

பிடிக்குச் சற்று மேலே அலகில் உள்ள அந்தச் சிறு வெட்டுக்குச் சிவனின் திரிசூலம், பசுவின் குளம்பு, எதிரியின் வாளை மடக்கும் கொக்கி என்று இன்னும் பல விளக்கங்கள் உண்டு. எதை நம்பினாலும் கத்தி ஒன்றுதான். வாங்கும்போது செய்ய வேண்டியது, வெளிச்சத்தில் பிடித்து வெட்டின் மூலைகளைப் பார்ப்பது. அரத்தால் சுத்தமாக இழைக்கப்பட்டிருக்க வேண்டும். அங்கிருந்து மயிரிழை விரிசல் கிளம்பியிருந்தால் கத்தியைக் கீழே வைத்துவிடுங்கள்.

“லாரிப் பட்டையில் அடித்தது மட்டம். டமாஸ்கஸ் எஃகு, கண்ணாடி மெருகு, சிங்கத் தலைப் பிடி இருந்தால் உயர்ந்த ரகம்.”

அதிகம் பேரை ஏமாற்றுவது இதுதான். இன்றைய தரமான நேபாளக் குக்ரிகள் பலவும் பழைய லாரிகளின் ஸ்பிரிங் பட்டையிலிருந்து பிறந்தவை. ஆண்டுக்கணக்கில் பாரத்தைத் தாங்கி வளைந்து நிமிர வேண்டிய எஃகு அது. போதிய கரியும் இழுவையும் அதில் உண்டு. வெட்டுக் கருவிக்கு அதைவிடப் பொருத்தமான இரும்பை மலைப் பட்டறையில் எளிதில் பெற முடியாது. அலங்காரக் குக்ரிகளிலோ பல வெறும் மென்னிரும்பு. மெருகு ஏற்றினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

எஃகு நன்றாக இருந்தும் தோய்ச்சல் தவறினால் எல்லாம் வீண். குக்ரியை முழுதாகத் தண்ணீரில் முக்குவதில்லை. அலகைச் சிவக்கக் காய்ச்சி, குறட்டில் பிடித்துக்கொண்டு, கெட்டில் மூக்கு வழியாக வாய்ப்பக்கம் மட்டும் தண்ணீரை ஓட்டுகிறார் கொல்லர். வாய் உடனே இறுகுகிறது. முதுகில் சூடு தங்குகிறது. அந்தச் சூடு மெல்ல வாய்ப்பக்கம் திரும்பி வந்து மிதமிஞ்சிய கடினத்தைத் தணிக்கும்போது, எஃகின் மேல் ஓடும் நிறத்தைக் கண்ணால் கணித்து, சரியான நொடியில் மீண்டும் தண்ணீர் காட்டி நிறுத்துகிறார். சற்று முந்தினால் வாய் சில்லு சில்லாகப் பெயரும். சற்றுப் பிந்தினால் மழுங்கும். வாய் கடினமாகவும் முதுகு மென்மையாகவும் இருப்பதால்தான் மரக்கணுவில் ஓங்கிப் போட்டாலும் கத்தி முறிவதில்லை.

இதைச் சோதிக்க ஒரு சிறு அரம் போதும். கடைக்காரரின் அனுமதியோடு அலகின் வயிற்றுப் பகுதியில், வாயோரம் இலேசாக இழுங்கள். அரம் வழுக்க வேண்டும். முதுகில் இழுத்தால் கடிக்க வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரேபோலக் கடித்தால் அந்தக் கத்தி சுவரில் மாட்டத்தான் உதவும். நுனியும் பிடியோரமும் வயிற்றைவிடச் சற்று மென்மையாக இருந்தால் அது குறையில்லை. கெட்டில் தண்ணீர் அதிகம் ஓடியது வயிற்றில்தான்.

இந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்து வந்தவர்கள் காமி சமூகத்தார். விஷ்வகர்மா என்றும் தங்களை அழைத்துக்கொள்கிறார்கள். ஆண்டு முழுதும் ஊருக்குக் கருவி செய்து, பழுதுபார்த்து, அறுவடையில் தானியமாகக் கூலி வாங்கியவர்கள். அவர்கள் அடித்த குக்ரியைத் தசைனில் பூஜை அறையில் வைத்த வீடுகள், அவர்களை வாசலைத் தாண்ட விடவில்லை. 1963-இல் புதிய முலுக்கி ஐன் சட்டம் தீண்டாமைக்கு இருந்த சட்ட ஆதரவை நீக்கியது. 2011-இல் அது தண்டனைக்குரிய குற்றம் எனத் தனிச் சட்டமும் வந்தது. ஆனாலும் கூர்க்கா வீரத்தை வாய் ஓயாமல் பேசும் விளம்பரங்களில் காமியின் பெயரைக் காண்பது அரிது. எனக்கு இது பொறுக்கவில்லை. எந்த ஊர்ப் பட்டறை, யார் அடித்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரரிடம் கூடுதல் விலை கொடுத்தாலும் தகும். பேரம் பேசிப் பாதியாக்கும் விலையின் சுமை கடைசியில் உலைக்கு முன்னால் நிற்பவர் தலையில்தான் விழுகிறது.

“பிடியின் கடைசி வரை இரும்புப் பட்டை தெரிந்தால்தான் உறுதி.”

அது பானவால் எனப்படும் வகை; இருபுறமும் கட்டையோ கொம்போ வைத்து ஆணி அறைந்திருக்கும். உறுதியானதுதான். ஆனால் பழைய முறையில், அலகின் வால் ஒல்லியாகப் பிடிக்குள் நுழைகிறது. அதை இறுகப் பிடித்திருப்பது லாஹா என்னும் பிசின் அரக்கு. ஒழுங்காகச் செய்த அத்தகைய குக்ரி தலைமுறை கடந்தும் உழைத்திருக்கிறது. பிடி உடைந்தால் சூடு காட்டி அரக்கை இளக்கி வேறு பிடி மாட்டலாம். எதை வாங்கினாலும் காதோரம் வைத்து ஆட்டிப் பாருங்கள்; ‘கடகட’ சத்தம் கேட்கக் கூடாது. எருமைக் கொம்புப் பிடி அழகு, ஆனால் வறண்ட வெயிலில் வெடிக்கும். ஓயாத வேலைக்குச் சீசம் மரம் நல்லது.

“நூறு வருடப் பழசு, அரண்மனையில் இருந்தது.”

நேபாளச் சட்டப்படி நூறாண்டைத் தாண்டிய தொல்பொருளைத் தொல்லியல் துறையின் அனுமதியில்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. கடைக்காரர் சொல்வது மெய்யென்றால் உங்களால் எடுத்துவர முடியாது; எடுத்துவர முடிகிறதென்றால் அது அவ்வளவு பழசில்லை. பழைய குக்ரிகளை ஆசை தீரப் பார்க்கக் காத்மாண்டு சௌனியில் உள்ள தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகலாம்.

இந்தியாவுக்குக் கொண்டுவருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நம் ஆயுத விதிகளின் அட்டவணை, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைப் பற்றிப் பேசும் இடத்தில் குக்ரியைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் என வடிவமைத்தவற்றுக்கு விலக்கு உண்டு என்றாலும், உங்கள் ஊர் நிலவரத்தைக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. விமானத்தில் கைப்பையில் வைக்க முடியாது. பதிவு செய்யும் பெட்டியில்தான் போக வேண்டும்.

“உறையில் செருகியிருக்கும் இரண்டு குட்டிக் கத்திகளும் அழகுக்கு.”

ஒன்று கர்தா, தோல் உரிக்க, காய் நறுக்க. மற்றது சக்மக், அதற்குக் கூர் கிடையாது. மடங்கிய வாயை நேராக்கவும் கல்லில் தட்டித் தீப்பொறி எடுக்கவும் பயன்பட்டது. மழுங்கிய குக்ரியைச் சக்மக்கால் தீட்ட முடியாது, சாணைக்கல் வேண்டும். அதிலும் சுழலும் இயந்திரச் சாணையில் கொடுத்தால் சூடேறித் தோய்ச்சல் போய்விடும்.

வேலை முடிந்ததும் துடைத்து எண்ணெய் தடவுங்கள். நேபாளத்தில் கடுகெண்ணெய் தடவுவார்கள், தேங்காயெண்ணெயும் ஆகும். மாதக்கணக்கில் தோலுறைக்குள்ளேயே விட்டால் ஈரம் தங்கித் துரு ஏறும். உருவும்போது உறையைச் சுற்றி விரல்களை மடக்கிப் பிடிக்காதீர்கள். கூரான அலகு தையலைப் பிளந்துகொண்டு வெளியே வந்தால் நான்கு விரலும் போகும். உறையின் முதுகுப் பக்கத்தை மட்டும் பற்றி, அலகின் முதுகு உறையின் முதுகில் உரசியபடி வர, மெதுவாக எடுக்க வேண்டும். வீட்டில் அந்தக் குக்ரியைத் தொடப்போகும் ஒவ்வொருவருக்கும் இதை முதல் நாளே செய்து காட்டிவிடுங்கள்.