ஜார்ஜ் என்றால் உழவன்!

எலெக்ட்ரிகல் லேபில் நாம் தொடக்கத்திலேயே செய்யும் சோதனை ஓம் விதி. 1827-ல் அதை நூலாக வெளியிட்ட ஓம், ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகன். முழுப்பெயர் ஜார்ஜ் சைமன் ஓம். விதியை லேபோடு விட்டுவிட்டு அந்தப் பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா?

'ஜார்ஜ்' கிரேக்கத்திலிருந்து வந்த பெயர். அந்த மொழியில் 'கே' என்றால் மண், 'எர்கான்' என்றால் வேலை. இரண்டும் சேர்ந்து 'கியோர்கோஸ்'. மண்ணில் வேலை செய்பவன், அதாவது உழவன். பிசிக்ஸில் 'எர்க்' படிக்கிறோமே, ஒரு ஜூலுக்கு ஒரு கோடி எர்க் என்று, அதுவும் இந்த 'எர்கானில்' பிறந்ததுதான். 'ஜியாமெட்ரி'யின் முன்பாதியும் இதே மண்தான். நிலத்தை அளப்பது என்று அர்த்தம்.

கி.பி. 303 வாக்கில் ரோமானிய ஆட்சியில் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் புனித ஜார்ஜின் புகழோடு இப்பெயர் ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஊருக்கு ஊர் நாக்கு அதைத் திருப்பிவிட்டது. இத்தாலியில் ஜோர்ஜோ, ஸ்பெயினில் ஹோர்ஹே, அதே நாட்டின் கட்டலோனியாவில் ஜோர்டி, சுவீடனில் யோரன். ரஷ்யாவிலோ ஒரே பெயர் கியோர்கி, யெகோர், யூரி என மூன்றாகவே பிரிந்துவிட்டது! 1961-ல் விண்வெளிக்குப் போன யூரி ககாரினும் பெயரால் உழவன்தான். கூட்டுப்பண்ணையில் வேலை பார்த்த பெற்றோரின் பிள்ளை அவர்.

இங்கிலாந்தில் 1714-ல் ஹனோவரிலிருந்து வந்த முதலாம் ஜார்ஜ் அரியணை ஏறிய பிறகுதான் இந்தப் பெயர் பெருகியது. மூன்றாம் ஜார்ஜுக்கு விவசாயத்தில் ரொம்ப ஆசை. அதனால் ஜனங்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'உழவர் ஜார்ஜ்'. உழவனுக்கு உழவன் என்றே பட்டம்!

விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்: விவசாயக் கூலி' என்று எழுதும்போது கையால் மறைத்துக்கொள்கிற நண்பர்கள் நம் வகுப்பிலேயே உண்டு. எங்கப்பாவும் ஏர் பிடித்தவர்தான். அந்தச் சொல்லைப் பிரிட்டிஷ் மன்னர்கள் ஆறு பேர் பெயராகச் சூடிக்கொண்டார்கள் என்று இவர்களுக்கு யாராவது சொல்லணும்.

மன்னர்களைவிட எனக்குப் பிடித்த ஜார்ஜ், ரயில் இன்ஜின் செய்த ஜார்ஜ் ஸ்டீபன்சன். சுரங்க இன்ஜினுக்குத் தீ போட்டவரின் மகன். பதினெட்டு வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாது. பிறகு சம்பாதித்த காசைக் கொடுத்து இரவுப் பள்ளியில் கற்றார். 1825-ல் ஸ்டாக்டன் - டார்லிங்டன் பாதையில் அவர் இன்ஜின் ஓடியது. பதினெட்டு, இப்போது என் வயது!

இன்னொன்று. சென்னையில் நம் தலைமைச் செயலகம் இருப்பது புனித ஜார்ஜ் கோட்டை. உழவர்களின் மனுக்கள் போய்ச் சேரும் அந்தக் கோட்டைக்கே உழவன் பெயர்தான் என்பது அங்கே எத்தனை பேருக்குத் தெரியுமோ!