தாயின் குருதியமுக்கமும் சேயின் நலமும்

மகப்பேறு நோயன்று, இயற்கையின் செயல். ஆயினும், அக்காலத்தில் தாய்க்கு உண்டாகும் குருதியமுக்க மிகுதி தாய், சேய் இருவரையும் ஒருங்கே தாக்கவல்லது. தொடக்கத்தில் நோவு யாதுமின்றி வருதலே இதன் கொடுமை. தான் நலமாயிருப்பதாகத் தாய் எண்ணியிருக்கும்போதே வயிற்றிலுள்ள குழவி வாடத் தொடங்கலாம்.

குருதியமுக்கத்தின் மேலளவு 140 அல்லது கீழளவு 90 மில்லிமீற்றர் இரசத்தை எட்டின், அது மிகையெனக் கொள்ளப்படும். கருவுறுமுன்னரே இருந்து தொடர்வது ஒரு வகை. 20 வாரங்களின் பின் புதிதாகத் தோன்றுவது மற்றொரு வகை. சிறுநீரிற் புரதம் கழிதலோடேனும், ஈரல், சிறுநீரகம் முதலியன பழுதுறுதலோடேனும் கூடி வருவது மூன்றாவது வகை. இதனை முன்சூல்வலிப்பு என்பர். இது முற்றின் தாய்க்கு வலிப்புக் காணலாம்.

தாயின் நோய் சேயை எங்ஙனம் அடைகின்றது? நம்மவர் பேச்சில் 'நஞ்சு' எனப்படும் சூல்வித்தகமே, பெயருக்கு மாறாகச் சேய்க்கு அமுதூட்டுவது. தாயின் குருதியிலுள்ள உணவும் ஒட்சிசனும் அதன் வழியே சேயைச் சேர்கின்றன. நலமான சூலிற் கருப்பை நாடிகள் அகன்று குருதியைத் தாராளமாகப் பாய்ச்சும். முன்சூல்வலிப்பில், அதிலும் காலத்தால் முந்தி வருவதில், அவை போதியளவு அகல்வதில்லை. வாய்க்கால் ஒடுங்கின் பயிர் வாடுமன்றோ? அதுபோலவே சேயும் வளர்ச்சி குன்றும்.

இதனாற் குழந்தை 2500 கிராமிற் குறைந்த நிறையோடு பிறக்கலாம். சூல்வித்தகம் பேற்றுக்கு முன்னரே கழன்று, சேயின் உயிருக்கு இறுதி விளைவிப்பதும் உண்டு. தாயைக் காக்கும்பொருட்டு 37 வாரம் நிரம்புமுன் பேற்றை நிகழ்விக்கவும் நேரும். அங்ஙனம் பிறந்த குழந்தை முதிராத நுரையீரலால் மூச்சுவிட இடர்ப்படும். உடற்சூடும் குருதியிலுள்ள வெல்லமும் குறையும். எனினும், நோய் கடுமையின்றிப் பேறுகாலத்தை அண்டி வரின், குழந்தை பெரும்பாலும் நலமாகவே பிறக்கும்.

மருத்துவ உலகம் இதற்குக் கண்ட வழிகள் பல. 1972இல் நியூசிலாந்தைச் சேர்ந்த லிக்கின்ஸ், ஹவி என்போர், காலத்துக்கு முந்திய பேற்றை எதிர்நோக்கும் தாய்க்கு ஸ்ரீரொயிட் மருந்தேற்றின் சேயின் நுரையீரல் விரைந்து முதிருமெனக் காட்டினர். மக்னீசியம் சல்பேற்று வலிப்பு நேரும் வாய்ப்பைப் பாதிக்குமேற் குறைக்குமென்பது, 33 நாடுகளில் ஏறக்குறைய 10,000 தாய்மாரிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வினால் உறுதியாயிற்று. இடர்வாய்ப்பு மிக்க தாய்க்கு மருத்துவர் முன்னதாகவே சிற்றளவு அஸ்பிரின் கொடுப்பதும் உண்டு. ஆனால், தாமாக மருந்து உண்பதும் உண்ட மருந்தை நிறுத்துவதும் தகா. குருதியமுக்கத்துக்குரிய மருந்துகளுட் சில சேயின் சிறுநீரகத்தைக் கெடுப்பனவாம்.

இவையாவும் நோய் காலத்தில் அறியப்பட்டாலன்றிப் பயன்படா. கடுந்தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோவு, முகமும் கையும் திடீரென வீங்குதல், சேயின் அசைவு குறைதல் ஆகியவற்றை, 'பிள்ளைத்தாய்ச்சிக்கு இது வழமைதானே' என்று தள்ளிவிடலாகாது. அன்றே மருத்துவமனையை நாடுதல் வேண்டும். குறி யாதும் இல்லாதபோதும் கிளினிக்குக்குத் தவறாது செல்லுதல் இன்றியமையாதது. இல்லத்தலைவராயுள்ள பழைய மாணவரும் நாளை அந்நிலை எய்தவிருக்கும் இளைஞரும் இதனைப் பெண்டிர் கடனென ஒதுக்காது, உடன்சென்று துணைநிற்பாராக. சில நிமிடத்தில் முடியும் ஓர் அளவீடு ஈருயிர் காக்கும்.