முகவருக்குக் காசு கட்டியது யார்?

நவீன அடிமைத்தனம் பல வேளைகளில் கடனில் தொடங்குகிறது. மலேசியாவின் டொப் குளோவ் கையுறைக் கம்பனிக்கு வந்த பங்களாதேஷ், நேபாள ஊழியர் பலர் முகவர்களுக்குப் பெருந்தொகை கட்டி, கடனாளிகளாகவே வந்து சேர்ந்தனர். கடன் தீராமல் வேலையை விட முடியுமா? 2020 ஜூலையில் அமெரிக்கச் சுங்கம் அதன் இரு கிளை நிறுவனங்களின் சரக்கைத் தடுத்தது. ஊழியருக்கு 3 கோடி டொலருக்கு மேல் கொடுத்த பின்னரே, 2021 செப்டெம்பரில், தடை முழுதாக நீங்கியது. முகவர் விழுங்கிய காசை முதலாளி கட்ட நேர்ந்தது!

பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய கம்பனிகளிடம்தான் விநியோகச் சங்கிலி பற்றிய அறிக்கை கேட்கிறது. ஆனால் இங்கிருந்து அங்கு ஆடை அனுப்பும் தொழிற்சாலைக்குப் பெட்டி கொடுப்பவரிடமும் அந்தக் கேள்வி இறங்கி வரும். ஆள் தரும் ஒப்பந்தக்காரரின் கடிதத்தை வாங்கிக் கோவையில் போட்டால் போதாது. ஊழியரைத் தனியே கேளுங்கள்: வேலைக்காக யாருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள்? அடையாள அட்டை, கடவுச்சீட்டு யாரிடம் இருக்கிறது?