வைக்கோல் தூசியும் நம்ம மூச்சுக்குழாயும்

ஐப்பசி மழையில் நனைந்த வைக்கோல் போரை மார்கழியில் பிரித்து, கத்தரிக்கு மூடாக்குப் போட்டேன். உள்ளே வெள்ளை வெள்ளையாய்ப் பூசணம். உதறும்போது புகை மாதிரி கிளம்பியது. அன்று ராத்திரியே குளிர்காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சில் இறுக்கம். இரண்டு நாளில் தானாகச் சரியானது. பனி ஒத்துக்கலை என்று விட்டுவிட்டேன். மீதிப் போரைப் பிரித்த அன்றும் அதே காய்ச்சல்! மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "அன்னைக்குப் பகல்ல என்ன வேலை பார்த்தீங்க?"

மூச்சுக்குழாயைத் தலைகீழாய் நட்ட மரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொண்டைக்குக் கீழே சுமார் 11 செ.மீ. நீளத் தண்டு. அது வலம், இடம் என இரண்டு கிளையாகி, பிறகு இருபது தடவைக்கு மேல் கிளைத்துக்கொண்டே போகும். நுனியில் இலைகள் மாதிரி கோடிக்கணக்கான காற்றுப்பைகள். ரத்தத்தில் பிராணவாயு கலப்பது அங்கேதான்.

இந்த மரத்துக்குக் காவலும் உண்டு. பெரிய தூசியை மூக்கே பிடித்துவிடும். தப்பி வருவது குழாய்ச் சுவரின் சளியில் ஒட்டும். அங்குள்ள நுண்ணிய மயிர்கள் ஓயாமல் அசைந்து, அந்தச் சளியை மேலே தள்ளிவிடும். பீடி, சிகரெட் புகை இந்த மயிர்களை முடக்கிவிடும்.

ஆனால் ஈரத்தோடு அடுக்கிய வைக்கோல் போர் உள்ளே சூடேறும்போது, அந்தச் சூட்டில் வளரும் நுண்ணுயிர்களின் வித்துகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். எல்லாக் காவலையும் தாண்டிக் காற்றுப்பை வரை போய்விடும். உடம்பு அதை எதிர்க்கும்போதுதான், நாலு முதல் எட்டு மணி நேரம் கழித்துக் காய்ச்சல் வருகிறது. இது தொற்று இல்லை, ஒவ்வாமை. 1932-லேயே இங்கிலாந்தில் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். பெயரே 'விவசாயி நுரையீரல்'தான். திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரலில் தழும்பு விழும். அது ஆறாது.

'நாமதான் மருந்தே அடிக்கிறதில்லையே, நமக்கென்ன' என்று இருந்தவன் நான். மட்கும் மூடாக்கும் நமக்குத்தானே அதிகம்! இப்போது நான் செய்வது:

வைக்கோலை நன்றாகக் காயவிட்டுத்தான் போர் போடுகிறேன்.
பூசணம் பிடித்ததை உதறுவதில்லை. தண்ணீர் தெளித்து நனைத்து, அப்படியே எரு குழியில் தள்ளுகிறேன்.
காற்று முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, திறந்தவெளியில் வேலை செய்கிறேன்.
துண்டு கட்டினால் போதாது. முகத்தோடு இறுக்கமாய்ப் படியும் என்95 முகக்கவசம் போடுகிறேன்.

வைக்கோல் பிரித்த ராத்திரி காய்ச்சல் வந்தால், பகலில் செய்த வேலையை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.