வெறும் பெட்டியும் சரக்குதான்!



நவராத்திரி நெருங்கினால் நம் கடை வாசலில் ஒரு குரல் கேட்கும்: "அண்ணாச்சி, காலிப் பெட்டி ஒண்ணு இருக்குமா?" வெளியூர் மகளுக்குக் கொலு பொம்மை அனுப்ப வேண்டும், புதுவீடு புகும் நண்பருக்குத் தஞ்சாவூர் ஓவியம் அனுப்ப வேண்டும். நாமும் கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுத்துவிடுகிறோம்.

அப்படி ஒரு முறை நாம் கொடுத்தது, மழைக்காலத்தில் பின்கட்டுத் தரையில் கிடந்த சோப்புப் பெட்டி. அதில் போன தசாவதார செட்டில் மூன்று பொம்மைகள் உடைந்தன. பெட்டிக்கு நாம் காசு வாங்கவில்லை. ஆனாலும் அந்த அம்மாள், "உங்க கடைப் பெட்டியை நம்பித்தானே அனுப்பினேன்" என்றார். நமக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை. அன்று கற்றதை இங்கே எழுதுகிறோம்.

பெட்டியைப் பார்த்து எடுப்போம்

அட்டைப்பெட்டியின் பலம் இரண்டு தாள்களுக்கு நடுவே உள்ள நெளி அட்டையில் இருக்கிறது. ஒரு முறை நனைந்தோ நசுங்கியோ போனால், காய வைத்தாலும் பழைய பலம் திரும்பாது. பக்கங்களையும் மூலைகளையும் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே அமுங்கினால் அது பழைய பேப்பர் கடைக்கு உரியது. கனமான பொருளுக்கு ஐந்தடுக்குப் பெட்டியே ஏற்றது. மசாலா, சோப்பு, ஊதுபத்தி வாசனை ஏறிய பெட்டியில் தின்பண்டம் வைக்கக் கூடாது.

உள்ளே வைப்பவை

பபுள் ஷீட் 1957இல் அமெரிக்காவில் சுவரில் ஒட்டும் தாளாகச் செய்யப் புகுந்து, பின்னர் பேக்கிங் பொருளாக மாறிய ஒன்று. அதன் பலம் காற்று. குமிழ் உடைந்த பகுதியை வெட்டி நீக்கிவிட்டு மீதியைத் தாராளமாக மீண்டும் பயன்படுத்தலாம். ஓவியத்தின் மேல் குமிழ்ப் பக்கம் படக் கூடாது. வெயில் சூட்டில் தடம் பதிந்துவிடும். முதலில் சுத்தமான பருத்தித் துணி, அதன் மேல் பபுள் ஷீட், குமிழ் வெளிப்பக்கம்.

செய்தித்தாளைக் கசக்கி இடைவெளியை அடைக்கலாம். ஆனால் ஓவியத்தின் மேலோ, வர்ணம் பூசிய பொம்மையின் மேலோ நேராகச் சுற்றினால் மை ஒட்டும். தின்பண்டத்துக்கு அறவே ஆகாது. மிக்ஸி, டி.வி. பெட்டிகளில் வரும் தெர்மாகோலை வெட்டி மூலைகளில் வைக்கலாம். வைக்கோலை வெளிநாட்டுப் பார்சலில் வைக்காதீர்கள். பல நாடுகளில் அதை அனுமதிப்பதில்லை.

கட்டும் முறை

1. கண்ணாடிச் சட்டமுள்ள படமானால், கண்ணாடியின் மேல் குறுக்கும் நெடுக்குமாக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். உடைந்தாலும் சில்லுகள் ஓவியத்தைக் கீறாது. பிறகு படத்தைவிடப் பெரிய இரு அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டுங்கள்.

2. பொம்மைகளைத் தனித்தனியே சுற்றுங்கள். கை, கிரீடம், வில் போன்ற நீட்டல்களின் இடுக்கை முதலில் பஞ்சால் நிரப்புங்கள்.

3. ஆறு பக்கமும் ஐந்து செ.மீ. அளவுக்கு மெத்தை இருக்கட்டும். ஆட்டிப் பார்த்தால் சத்தம் வரக் கூடாது.

4. பழைய டேப்பின் மேல் புது டேப் நிற்காது. அதை உரித்துவிட்டு, நடு இணைப்பிலும் இரு ஓரங்களிலும் ஒட்டுங்கள்.

5. பழைய முகவரியையும் பார்கோடு ஸ்டிக்கரையும் கிழியுங்கள் அல்லது தாள் ஒட்டி மறையுங்கள். இல்லையேல் பார்சல் வழி மாறும். பெட்டிக்குள்ளும் ஒரு முகவரிச் சீட்டு வையுங்கள்.

அளவிலும் காசு உண்டு

பல கூரியர் நிறுவனங்கள் பார்சலின் எடையோடு அளவையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரத்தை செ.மீ.யில் பெருக்கி 5000ஆல் வகுப்பது வழக்கத்தில் உள்ள கணக்கு. இதில் வரும் எடைக்கும் உண்மை எடைக்கும் எது அதிகமோ அதற்குக் கட்டணம். இரண்டு கிலோ பொம்மையை 50 × 40 × 40 பெட்டியில் வைத்தால் 16 கிலோ கணக்காகும். 40 × 30 × 30 பெட்டியில் 7.2 கிலோ. பெட்டி இலவசம் என்று பெரியதைக் கொடுத்தால் வாடிக்கையாளருக்குத்தான் நஷ்டம்.

நம் கடையில் செய்ய வேண்டியது

சரக்கு இறக்கும் அன்றே பெட்டியைப் பிரித்துவிட வேண்டும். கிழிக்காமல் டேப்பை மட்டும் கத்தியால் அறுத்து, தட்டையாக மடித்து, தரையில் படாமல் பலகை மேல் சிறிது, நடு, பெரிது என மூன்று அடுக்காக வையுங்கள். பபுள் ஷீட்டுக்கு ஒரு சாக்கு போதும். இனிப்புப் பெட்டியைச் சுற்றும் பிளாஸ்டிக் தாள் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. பழசு கையில் இருந்தாலும் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

எடைக்குப் போட்டால் அந்தப் பெட்டி சில ரூபாய்தான் தரும். அழுத்திப் பார்த்து, அளவு பார்த்துக் கொடுத்த பெட்டியில் ஒரு பொம்மை முழுதாகப் போய்ச் சேர்ந்தால், அந்தக் குடும்பம் மாத மளிகைச் சீட்டோடு நம் கடைக்கே வரும். நல்ல பெட்டி இல்லாத நாளில் "இல்லை" என்று சொல்லிவிடுவதும் வியாபார நேர்மைதான்.