நரம்பு என்னும் செய்திக் கம்பி

தோசைக்கல் சூடாக இருக்கிறது. தெரியாமல் விரல் பட்டுவிடுகிறது. சட்டென்று கையை இழுத்துக்கொள்கிறோம். 'கையை எடு' என்று நமக்குச் சொன்னது யார்?

நரம்புதான் சொன்னது.

நரம்பு எது?

கையின் மேல் பச்சையாகத் தெரிவதை நரம்பு என்கிறோம். அது நரம்பு அல்ல, இரத்தக் குழாய். 'நரம்பு ஊசி' போட்டார்கள் என்கிறோமே, அதுவும் இரத்தக் குழாயில் போடும் ஊசிதான். உண்மையான நரம்பு வெள்ளை நூல் போல இருக்கும். தோலுக்கு அடியில், தசைகளுக்கு நடுவே ஓடும்.

வீட்டுக்குச் செங்கல் எப்படியோ, உடம்புக்குச் செல் அப்படி. ஒரு வேலையைச் செய்யும் செல்கள் பல ஒன்றுசேர்ந்தது திசு. மூளை, முதுகெலும்புக்குள் இருக்கும் தண்டுவடம், உடம்பெங்கும் ஓடும் நரம்புகள் ஆகிய மூன்றும் நரம்புத் திசுவால் ஆனவை.

நரம்புச் செல்

நரம்புச் செல்லுக்கு மூன்று பகுதிகள் உண்டு. நடுவில் உடல். அதைச் சுற்றி மரக்கிளை போன்ற இழைகள். இவை செய்தியை வாங்கும். பிறகு ஒரு நீண்ட வால். இது செய்தியை அனுப்பும். இடுப்புப் பக்கம் தொடங்கிக் கால் விரல் வரை போகும் வாலும் உண்டு. அதன் நீளம் சுமார் 1 மீட்டர்.

மின்சாரக் கம்பியின் மேல் பிளாஸ்டிக் உறை இருக்கிறது அல்லவா? பல நரம்பு வால்களின் மேலும் கொழுப்பால் ஆன உறை உண்டு. உறை இருந்தால் செய்தி விரைவாக ஓடும். மிக வேகமான நரம்பில் ஒரு நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் ஓடும்.

ஒரு செல்லுக்கும் அடுத்த செல்லுக்கும் நடுவில் சிறு இடைவெளி உண்டு. ஆற்றைக் கடக்கப் பரிசல் வேண்டும். இந்த இடைவெளியைக் கடக்க ஒருவகை இரசாயனம் உதவுகிறது. சாராயம் இந்த வேலையைக் கெடுக்கிறது. குடித்தவர் தள்ளாடுவதும் நாக்குக் குழறுவதும் இதனால்தான்.

கை சுட்டபோது செய்தி தண்டுவடத்துக்குப் போயிற்று. 'இழு' என்ற கட்டளை அங்கிருந்தே வந்தது. மூளைக்குச் செய்தி போய் வலி தெரிவதற்குள் கை விலகிவிட்டது. இதற்கு அனிச்சைச் செயல் என்று பெயர்.

மூளையைப் பார்க்கலாம்

மூளையின் எடை சுமார் 1,400 கிராம். அதில் சுமார் 8,600 கோடி நரம்புச் செல்கள் இருக்கின்றன. ஈஜிபுராவிலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், ஓசூர் சாலையில் நிம்ஹான்ஸ் இருக்கிறது. மூளை, நரம்பு, மன நோய்களுக்கு அங்கே வைத்தியம் செய்கிறார்கள். இறந்தவர்களின் குடும்பத்தார் தானமாகக் கொடுத்த மூளைகளை ஆராய்ச்சிக்காகப் பாதுகாக்கும் மூளை வங்கியும் அங்கே 1995 முதல் இருக்கிறது. பொதுமக்கள் பார்க்க மூளை அருங்காட்சியகமும் உண்டு.

அடிபட்டால் என்ன ஆகும்?

தோல் கிழிந்தால் மீண்டும் வளர்கிறது. கையில் நரம்பு அறுந்தால் மருத்துவர் தைத்துச் சேர்ப்பார். அது நாளுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வளரும். ஆனால் தண்டுவடம் அறுந்தால் மீண்டும் வளர்ந்து சேருவதில்லை. அதற்குக் கீழே உள்ள பகுதி செயல் இழக்கும்.

நம் பகுதியில் கட்டட வேலைக்குப் போகிறவர்கள் பலர். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் என்ன செய்கிறோம்? கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைக்கிறோம். இது ஆபத்து. எலும்பு மட்டும் உடைந்திருந்தால், இப்படித் தூக்கும்போது தண்டுவடமும் நசுங்கலாம். அவரை அசைக்காதீர்கள். கழுத்து திரும்பாமல் பிடித்துக்கொள்ளுங்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். அந்த இடத்திலேயே ஆபத்து என்றால் மட்டும் நகர்த்துங்கள். அப்போதும் நாலு பேர் சேர்ந்து, உடம்பு வளையாமல் பலகையில் கிடத்துங்கள்.

இன்னொன்று பக்கவாதம். மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டால் சில நிமிடங்களிலேயே நரம்புச் செல்கள் சாகத் தொடங்கும். திடீரென்று வாய் கோணினால், ஒரு கை தூக்க வராவிட்டால், பேச்சுக் குழறினால் காத்திருக்காதீர்கள். எண்ணெய் தேய்த்து நேரம் போக்காதீர்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைச் சுமார் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் போகிறோமோ அவ்வளவு நல்லது.

பயிற்சி

1. 'நரம்பு ஊசி' எதில் போடப்படுகிறது?
2. நரம்புச் செல்லின் மூன்று பகுதிகள் யாவை?
3. சாரத்திலிருந்து விழுந்தவரை ஏன் கை கால் பிடித்துத் தூக்கக் கூடாது?
4. பக்கவாதத்தின் மூன்று அறிகுறிகளை எழுதுங்கள். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.