அருணாசலப் பிரதேசத்தின் குரங்கும் குருவியும்

மேற்கு அருணாசலப் பிரதேச மலைக்காடுகளிலிருந்து 2005இல் அருணாசலக் குரங்கும், 2006இல் புகுன் லியோசிக்லா என்னும் பாடும் பறவையும் அறிவியலுக்கு அறிமுகமாயின. முன்னது பாலூட்டி வகுப்பினது. பின்னது பறவை வகுப்பினது. பயிரை அழிப்பதாக வேட்டையாடப்படும் குரங்கு, உலகச் சிவப்புப் பட்டியலில் 'அருகிய இனம்'. பறவையோ 'மிக அருகிய இனம்'.

இந்த அருமை வகைப்பாட்டு முறையையே மாற்றியது. புதிய பறவைக்குப் பெயரிடுமுன் ஒன்றைக் கொன்று மாதிரியாக வைப்பது நெடுங்கால வழக்கம். ஈகிள்நெஸ்ட் சரணாலயப் பகுதியில் 14 பறவைகளே தென்பட்டமையால், ரமணா ஆத்ரேயா (தொழிலால் வானியலாளர்!) பிடித்த பறவையின் உதிர்ந்த இறகுகளையும் ஒளிப்படங்களையும் கொண்டே அதனை விவரித்து, பறக்கவிட்டார். அவ்விடத்துப் புகுன் மக்களின் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 2017இல் சிங்சுங் கிராமத்துப் புகுன் மக்களின் காடு சமூகக் காப்பகமாயிற்று.